மணியக்காரர் வாசலில் இரண்டு தட்டு

வக்கீல் இன்னாசி தன் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் ஒருநாளும் பஸ்ஸை விட்டு இறங்கியதில்லை. எறையாங்குளத்துக்கு இரண்டு நிறுத்தங்கள். முதலில் வருவது ஊர்த் தெரு முனை, அடுத்தது காலனி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும் சாயங்கால பஸ்ஸில் காலனிக்காரர்கள் எல்லாரும் காலனியில் இறங்குவார்கள். இன்னாசி மட்டும் ஊர் முனையில் இறங்குவார். கக்கத்தில் காகிதக் கட்டும் தோளில் கறுப்புக் கோட்டுமாகத் தெரு முழுக்க நடந்து, மணியக்காரர் ஆளவந்தார் வீட்டு வாசலுக்கு எதிரே நிற்பார். அங்கே ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. வலது செருப்பைக் கழற்றி அந்தக் கல்லில் ஒரு தட்டு. இடது செருப்பைக் கழற்றி ஒரு தட்டு. தூசி போயிற்றா என்று திருப்பிப் பார்ப்பார். பிறகு மாட்டிக்கொண்டு காலனியைப் பார்க்க நடப்பார். மழை பெய்து தூசியே இல்லாத நாளிலும் தட்டுவார்.

தங்கை அந்தோணிமேரி காலனிக் கிணற்றடியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் கேட்காது. கை ஓங்குவது தெரியும். அது போதும் அவளுக்கு.

ஊர் முனை டீக்கடை சுப்பன் அந்தத் தட்டை வைத்துத்தான் கடிகாரத்தைத் திருத்துவான். "வக்கீலு தட்டிட்டாரு, மணி ஆறு பத்து" என்பான். மணியக்காரர் வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி, "தோ, நம்ம வூட்டுக்கு சாயரட்ச மணி அட்சிட்டான் பாவி" என்பாளாம். மணியக்காரர் ஒருமுறை கல்லையே பிடுங்கிவிட ஆள் வைத்தார். அவர் தெருப் பெண்களே விடவில்லை. பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன அவருடைய சொந்த அத்தைக்காக நட்ட கல் அது. வயிற்றுச் சுமையோடு போனவளுக்கு, வழிப்போக்கர் சுமை இறக்க ஒரு கல் வைப்பது வழக்கம். அதைப் பிடுங்கினால் வீட்டில் பெண் வயிறு தங்காது என்றார்கள். கல் நின்றது. தட்டும் நின்றபாடில்லை.

அந்தத் தட்டுக்குக் காரணம் ஐம்பத்திரண்டாம் வருஷத்தில் இருக்கிறது.

அவர்கள் அப்பா இருதயசாமிக்கு ஓடைக்கால் பக்கம் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் நிலம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சேரி மக்களுக்கென்று சர்க்கார் கொடுத்தது. பஞ்சமி நிலம் என்பார்கள். மற்ற சாதிக்காரர் அதை வாங்க முடியாது. வாங்கினால் செல்லாது, சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளும். தாத்தாவுக்கு அதைக் கொடுத்தபோது அவர் பேர் சடையன். பிற்பாடு ஞானஸ்நானம் வாங்கிச் சந்தியாகு ஆனார். பேர் மாறினாலும் நிலம் மாறவில்லை.

அந்த வருஷம் மணியக்காரர், "பட்டாவெல்லாம் புதுசா மாத்தறாங்க, வந்து கை வச்சிட்டுப் போ இருதயசாமி" என்று கூப்பிட்டு விட்டார். அப்பா போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். ஆடி மாதம் ஏரைக் கட்டிக்கொண்டு நிலத்துக்குப் போனால், அங்கே மணியக்காரரின் படியாள் மண்ணாங்கட்டி உழுதுகொண்டிருந்தான். மண்ணாங்கட்டியும் சேரிக்காரன்தான். நிலம் இப்போது அவன் பேரில் என்றார்கள். சேரிக்காரன் விற்று சேரிக்காரன் வாங்கினால் சட்டம் ஒன்றும் செய்யாது. விளைகிற நெல் மட்டும் மணியக்காரர் களத்துக்குப் போகும்.

ஒரு படியாள் பேரில் எழுதி வைப்பது மணியக்காரருக்குக் கட்டுத்தறியில் மாட்டைக் கட்டுவது மாதிரி. கட்டுத்தறி என்றைக்காவது எழுந்து நின்று "மாடு என்னுது" என்று சொல்லுமா? அப்படித்தான் அவர் நினைத்தார்.

அப்பா பதறிப்போய் நேரே ஊர்த் தெருவுக்கு ஓடினார். ஓடிய வேகத்தில் காலில் செருப்பு இருப்பதை மறந்துவிட்டார். ஊர்த் தெருவில் சேரிக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மணியக்காரர் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலைப் பார்த்தார்.

"கழட்டுடா. தல மேல வையி. அப்படியே ஊட்டு வரைக்கும் போ."

பதினேழு வயது இன்னாசி லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். பதினோரு வயது மேரி குடத்தோடு நின்றிருந்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா இரண்டு செருப்பையும் தலையில் வைத்துக் கையால் பிடித்தபடி தெரு நீளத்துக்கும் நடந்து வந்தார். வீட்டுக்கு வந்தபிறகும் கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றார். இன்னாசிதான் வாங்கி வைத்தான்.

அதன்பின் அப்பா செருப்புப் போடவில்லை. ஒரகடம் பக்கத்துக் கல் குவாரியில் உடைக்கப் போனார். எட்டாவது மாதம் வெடி வைத்த கல் மார்பில் விழுந்து செத்தார். அவருக்குப் பதில் கல் சுமக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அம்மா முன்னமே இல்லை. இன்னாசி செங்கற்பட்டில் பாதிரியார்கள் தயவில் படித்துக்கொண்டிருந்தான். "அவன் படிக்கட்டும்" என்று உறவில் எல்லாரும் சொன்னார்கள். மேரியிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பலகையைப் பரண் மேல் போட்டுவிட்டு அவள் கூடையை எடுத்தாள்.

ஐம்பத்தொன்பதில் இன்னாசி வக்கீலாகத் திரும்பி வந்தார். வக்கீல் கோட்டோடு சிவப்புக் கொடியும் வந்தது. பட்டணத்தில் படிக்கும்போதே கட்சியில் சேர்ந்துவிட்டிருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் ஆபீஸ். கல் குவாரி ஆட்களும் செங்கல் சூளை ஆட்களும் பென்னலூரிலிருந்து, சுங்குவார்சத்திரத்திலிருந்து வருவார்கள். பாதி வழக்குக்கு முட்டையும் பூசணிக்காயும்தான் பீஸ். கோயில் பாதிரியார், "கம்யூனிஸ்டுக்கு நன்மை கொடுக்க மாட்டேன்" என்று பூசையில் அப்பத்தை அவருக்கு நீட்டாமல் தாண்டிப் போனார். இன்னாசி வருத்தப்படவில்லை. "சாமி, என் தங்கச்சிக்கு ரெண்டா குடுங்க" என்றார்.

இன்னாசி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குவாரியில் கல் சுமந்த பெண்ணை, அதிலும் கட்சிக்காரன் தங்கையைக் கேட்டு யாரும் வரவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே கூரையில் இருந்தார்கள். மேரிக்கு வெளியாட்கள் முன்னால் பேச்சு வராது. நாலு பேர் வந்தால் அடுப்புப் பக்கம் போய்விடுவாள். ஆனால் யார் எப்படி உட்கார்ந்தார்கள், யார் பேசும்போது கண்ணைத் தாழ்த்தினார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கட்சிக்காரர்கள் போனபிறகு, "அந்த மூக்குத்தி போட்டவ புருசன் சூள மொதலாளி ஆளு. அவ எதிர்ல பேசாத" என்பாள். அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

சீனச் சண்டை வந்தபோது கட்சிக்காரர்களைப் பிடித்தார்கள். இன்னாசி பதினோரு மாதம் ஜெயிலில் இருந்தார். முதல் வாரம் மணியக்காரர் டீக்கடை முன்னால் வந்து நின்று, "இன்னா சுப்பா, மணி தெரியாம கஷ்டப்படறியா? சத்தத்தக் காணமே" என்று சிரித்தாராம். அது மேரி காதுக்கு வந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் அண்ணன் விட்டுப்போன செருப்பை மாட்டிக்கொண்டாள். காலுக்கு இரண்டு விரல் பெரியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், தெரு நடுவில் சரட் சரட் என்று இழுத்து நடந்து போய்க் கல்லில் இரண்டு தட்டுத் தட்டினாள். மறுநாளும் போனாள். பதினோரு மாதமும் போனாள். ஜெயிலிலிருந்து வந்த இன்னாசிக்குச் சுப்பன்தான் சொன்னான். அடுத்த வாரம் காஞ்சிபுரம் போய் அவளுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தார். அவளுடைய முதல் செருப்பு அது.

"அளவு எப்டி தெரியும்?" என்றாள்.

"தெருவுல ஒன் அடி கெடக்குது. எல்லாரும் காட்டறாங்க" என்றார்.

வெளியே வந்த அந்த வருஷமே ஓடைக்கால் நிலத்துக்காக மனுப் போட்டார். ஏமாற்றிக் கைநாட்டு வாங்கியது செல்லாது, எங்கள் நிலத்தை எங்களுக்கே கொடுங்கள் என்று எழுதியிருந்தார். விசாரித்த அதிகாரி ஒரே வரியில் முடித்துவிட்டார். மனுதாரர் கிறிஸ்தவர். இந்த நிலம் ஆதி திராவிடருக்கு உரியது. மனுதாரர் குடும்பம் அந்த வகையில் வராது.

அன்றைக்கு மணியக்காரர் வாசலில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பானகம். இன்னாசி பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார். மணியக்காரர் குவளையோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாய்யா வக்கீலு. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவனுக்கு பஞ்சமி நெலம் எதுக்குய்யா? ஒங்க ஏசுவக் கேளு, மேல ரெண்டு ஏக்கரு குடுப்பாரு. குடி, தாகத்துக்கு."

இன்னாசி செருப்பைக் கழற்றினார். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த 'கிறிஸ்தவர்' என்ற சொல் பிறகும் அவரைத் துரத்தியது. சட்டசபைத் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கட்சி கேட்டது. அது தனித்தொகுதி. இந்து என்று எழுதிக் கொடுத்தால்தான் மனு நிற்கும். "ஒரு வரிதானே தோழர்" என்றார்கள். "அந்த வரியத்தான் ஆளவந்தாரு எதிர்பார்த்துகினு கீறாரு. எங்கப்பா சந்தியாகு மவன் இருதயசாமியாத்தான் செத்தாரு" என்று மறுத்துவிட்டார். எழுபதில் ஊராட்சி ஒன்றியத்துக்கு நின்று ஜெயித்தார். காலனிக்குத் தெருவிளக்கும் கைபம்பும் வந்தன. தேர்தலில் மணியக்காரரின் மைத்துனர் டெபாசிட் இழந்தார். அன்றைக்கும் இரண்டே தட்டுதான். கூட ஒன்று தட்டியிருக்கலாம் என்று மேரிக்கு இருந்தது.

மேரி மண்ணாங்கட்டி வீட்டாரோடு பேசுவதில்லை. அவன் பெண்டாட்டி சின்னப்பொண்ணு எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கைபம்பில் சின்னப்பொண்ணு குடம் இருந்தால், அது நிரம்பி எடுத்துப்போகும் வரை எட்ட நிற்பாள். ஒரே தெரு, நடுவே நாலு வீடு. இருபத்தெட்டு வருஷம் அப்படியே போயிற்று.

எண்பதாம் வருஷக் கடைசியில் ஒருநாள் சர்க்கார் உத்தரவு வந்தது. மணியக்காரர், கர்ணம் பதவிகள் எல்லாம் அன்றோடு ரத்து. ஊர்க் கணக்குப் புத்தகங்களை உடனே ஒப்படைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஆளவந்தார் வீட்டு மரப்பெட்டியிலும் கர்ணம் பரணிலும் கிடந்த நிலப் பதிவேடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. இன்னாசி நகல் கேட்டு எழுதிப் போட்டார். இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது.

அன்று அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. தாளை விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேரியைக் கூப்பிட்டார்.

"மேரி, இங்க வா. ஓடைக்கால் இன்னும் மண்ணாங்கட்டி பேர்லதான் கீது. அது மட்டுமில்ல. இன்னும் ஆறு பேர், அவுரு படியாளுங்க, ஆளுக்கொரு துண்டு. மொத்தம் பதினோரு ஏக்கரு. எல்லாம் பஞ்சமி."

"தெரிஞ்சதுதானே?"

"எழுத்துல இன்னிக்கித்தான் பாக்கறேன். அவுரு புள்ள கஜபதி ஓடைக்கால ஒரு பட்டணத்து கம்பெனிக்கு விக்கப் பாக்கறான். குடோன் கட்டறாங்களாம். அதுக்கு மொதல்ல மண்ணாங்கட்டி கிட்ட கைநாட்டு வாங்கணும். வர்ற வெள்ளிக்கெழம. அவன் வெக்காம, 'நெலம் என்னுது'ன்னு கோர்ட்டுக்கு வந்துட்டான்னு வையி. ஆளவந்தாரு இன்னா சொல்லுவாரு? என்னுதுன்னா, பஞ்சமி நெலத்த திருட்டுத்தனமா வச்சிருந்தேன்னு அவரே ஒத்துக்கணும். சர்க்காரு எடுத்துக்கும். மண்ணாங்கட்டிதுன்னா, மண்ணாங்கட்டிதுதான். எப்டி வாயத் தொறந்தாலும் செத்தாரு."

மேரி தாளைப் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நெலம் அந்த மண்ணாங்கட்டிக்கா?"

"ஆமா."

"நமக்கு?"

"நமக்கு இல்லன்னு அன்னிக்கே எழுதிட்டாங்களே."

"நீ படிச்சே. நான் கல்லு சொமந்தேன். நம்ம அப்பன் நெலத்த உழுதவனுக்கே அத எழுதிக் குடுக்கறதுக்கா நான் சொமந்தேன்?"

இன்னாசி தாளை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு நெலம் வேணாம் மேரி. அது ஆளவந்தாருக்கு இல்லாம போவணும். அவுரு வாயாலயே போவணும். ஒனக்கு இன்னா வேணும்னு நீயே யோசிச்சிக்கோ. ஒன்னைக் கேக்காம நான் இதத் தொடமாட்டேன்" என்றார்.

அவளை ஒரு விஷயம் கேட்டது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை கைபம்பில் சின்னப்பொண்ணு தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். மேரி எட்ட நிற்காமல் கிட்டே போனாள்.

சின்னப்பொண்ணு அடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இன்னாடி இது! இருவத்தெட்டு வருசமா எம் பக்கம் திரும்பாத கழுத்து இன்னிக்கி சுளுக்கு வுட்டுச்சா?"

"வெள்ளிக்கெழம உம் புருசன கார்ல இட்டுகினு போறாங்களாமே."

"ஆமா, புதுமாப்ள கணக்கா. ஒரு நாளு மாட்டு வண்டியில குந்த வச்சதில்ல. இப்ப காரு."

"எதுக்குன்னு தெரியுமா?"

"கைநாட்டுக்கு."

"அன்னிக்கும் வச்சான்."

"வச்சான்" என்றாள் சின்னப்பொண்ணு. குரல் இறங்கவில்லை. "ஒரு வேட்டி குடுத்தாங்க. புது வேட்டி கட்டிகினு பல்ல இளிச்சிகினு வூட்டுக்கு வந்தான். எதுக்குய்யா கை வச்சேன்னா, தெரியாதுன்றான். உங்கப்பன் செருப்ப தல மேல வச்சிகினு வந்தாரே, அன்னிக்கித்தான் இவனுக்குத் தெரிஞ்சிது. அந்த வேட்டிய அப்புறம் அவன் கட்ல. எரவாணத்துல சொருவினது. இன்னும் அங்கதான் கீது, கரையான் தின்னுது."

"கட்டாத வேட்டியால எங்கப்பன் உசுரு வந்துடுமா?"

"வராது. வந்தா மொதல்ல எம் புருசனத்தான் ஒதைப்பாரு. நானும் வேணாம்னு சொல்லமாட்டேன்."

மேரிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவிடவில்லை. அண்ணன் சொன்னதையெல்லாம் அவளுக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னாள். சின்னப்பொண்ணு குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டாள். கேட்டு முடித்ததும் குடத்தைக் கீழே வைத்தாள்.

"சரி. நெலம் எங்களுதுன்னு தீர்ப்பு வருது. மறுநாளு நீயும் உங்கண்ணனும் எங்கப்பன் நெலம்னு வந்து நின்னா? ஆளவந்தாருக்குப் படியாளா கெடந்தவன் அப்புறம் ஒனக்குப் படியாளா கெடக்கணுமா? எழுதிக் குடு. எங்களுக்கு ஒரு உரிமையும் இல்லன்னு எழுதிக் குடு. கைநாட்டு வேணாம், கைநாட்டுல எங்க குடும்பம் பட்டது போதும். நீ அஞ்சாவது படிச்சவதானே? கையெழுத்து போடு."

மேரி குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. மத்தியானம் ஓடைக்காலுக்குப் போய் வரப்பில் நின்றாள். கதிர் பால் பிடித்திருந்தது. மண்ணாங்கட்டி தூரத்தில் மடையைத் திருப்பிக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் தலை முண்டாசைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் பயந்த நிற்பைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இவனை வெறுத்து வெறுத்து என்ன கண்டோம் என்று தோன்றியது. இவனை மன்னிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. இவனைவிடப் பெரிய கடன் ஒன்று ஊர்த் தெருவில் இருக்கிறது, அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும் என்று இருந்தது.

சாயங்காலம் இன்னாசி பத்திரம் எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு அவள் முன்னால் வைத்தார். அவள் பேனாவைப் பிடித்தாள். பலகையும் குச்சியும் விட்டபிறகு எழுத்து எழுதியதே இல்லை. ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, தாள் கிழியும்படி தன் பேரை எழுதினாள். கடைசி எழுத்தில் மை சிந்தியது.

"அந்தாளு கோர்ட்ல நிக்கும்போது நான் அங்க இருக்கணும்" என்றாள்.

"வா" என்றார் இன்னாசி.

வெள்ளிக்கிழமை காலனிக்குள் கார் வந்தது. காலனிக்குள் வந்த முதல் கார் அது. கஜபதி இறங்கி, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "மண்ணாங்கட்டி எங்க?" என்றான்.

சின்னப்பொண்ணு முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அவுரு இல்லீங்களே" என்றாள். "கோர்ட்டுக்குப் போய்கிறாரு. வக்கீலப் பாக்க."

"எவுருடி?"

"எங்கூட்டுக்காரரு. நெலத்துக்காரரு."

தெருவே சிரித்தது. கார் பின்பக்கமாகவே வெளியே போனது, திரும்ப இடமில்லாமல்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் லேசாக இல்லை. மண்ணாங்கட்டியின் வைக்கோல் போரில் நெருப்பு விழுந்தது. பயிரில் மாட்டை விட்டார்கள். கட்சியைச் சேர்ந்த குவாரி ஆட்கள் முறை போட்டு வரப்பில் உட்கார்ந்தார்கள். மண்ணாங்கட்டி இரண்டு முறை, "வேணாம் வக்கீலய்யா, வுட்டுடலாம்" என்று வந்து நின்றான். இரண்டு முறையும் சின்னப்பொண்ணு பின்னாலேயே வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

எண்பத்திரண்டு ஆடி மாதம் காஞ்சிபுரம் கோர்ட்டில் ஆளவந்தார் கூண்டில் ஏறினார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. சலவை வேட்டி, சரிகைத் துண்டு, கைத்தடி. மேரி பின்வரிசையில் தூண் ஓரமாகச் சின்னப்பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் காலிலேயே போட்டிருந்தாள்.

ஆளவந்தாரின் வக்கீல் முதலில் எழுந்து, "இந்த வழக்கே வக்கீல் இன்னாசியின் சொந்தப் பகை. நிலத்தின் மேல் அவருக்கே கண்" என்றார். இன்னாசி அந்தப் பத்திரத்தை நீட்டினார். நீதிபதி படித்துவிட்டு, சிந்திய மையையும் பார்த்துவிட்டு, "இவருக்கு இதில் ஒரு உரிமையும் இல்லை" என்றார். தாள் கிழிய எழுதிய பேருக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று மேரி நினைக்கவில்லை.

இன்னாசி கூண்டுக்கு அருகே போனார்.

"அய்யாவுக்கு ஒரே கேள்வி. ஓடைக்கால் நிலம் யாருடையது?"

ஆளவந்தாரின் வக்கீல் துள்ளி எழுந்தார். நீதிபதி உட்காரச் சொன்னார். "கேள்வி சரிதான். சாட்சி பதில் சொல்லட்டும்."

ஆளவந்தார் கைத்தடியை மாற்றிப் பிடித்தார். உதடு ஒருமுறை பிரிந்து மூடியது. மேரி அந்த உதட்டையே பார்த்தாள். என்னுது என்று சொல்லிவிடுவார், சொல்லி நிலத்தைச் சர்க்காருக்குத் தூக்கிக் கொடுத்தாலும் கொடுப்பார், காலனிக்குக் கிடைக்க விடமாட்டார் என்று அவளுக்குப் பட்டது. அந்த முகத்தில் அது தெரிந்தது. சின்னப்பொண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் மேரியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

இன்னாசி மெதுவாகச் சொன்னார். "உங்களுதுன்னா அப்படியே சொல்லுங்க. பஞ்சமி நிலத்த படியாள் பேர்ல வச்சிருந்தேன்னு சொல்லுங்க. அப்ப மணியக்காரரா இருந்து ஊர்க் கணக்குல அதப் பதிஞ்சதும் நீங்கதான். அதுக்கு வேற கோர்ட்டு, வேற வழக்கு."

முன்வரிசையில் கஜபதி தலையை வேகமாக ஆட்டினான். ஆளவந்தார் மகனைப் பார்த்தார். ஜெயில் பயம் ஒரு பக்கம். இன்னும் ஆறு துண்டு நிலம் ஒரு பக்கம். இதை விட்டால் அதையாவது காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்.

"மண்ணாங்கட்டிது" என்றார்.

"கோர்ட்டுக்குக் கேக்கல."

"மண்ணாங்கட்டிதுதான்!"

"எந்த மண்ணாங்கட்டி? வயல்ல கெடக்கறதா, இதோ உக்காந்திருக்கற பெரியவரா?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி மேஜையைத் தட்டினார். ஆளவந்தாரின் கழுத்து நரம்பு புடைத்தது. "அவ...ருதான்" என்றார்.

இன்னாசி தன் மேஜைக்குத் திரும்பி வந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். "இதே ஊரில், இதே மாதிரி, இன்னும் ஆறு பேர் மனுத் தாக்கல் செய்கிறார்கள். பட்டா யார் பேரிலோ நிலம் அவருடையது என்று சாட்சி இப்போது ஒப்புக்கொண்டதை அந்த வழக்குகளிலும் காட்டுவேன்" என்றார்.

அப்போதுதான் ஆளவந்தாருக்குப் புரிந்தது. ஒன்றைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றினோம் என்று நினைத்தவர், அந்த ஒரே வார்த்தையில் பதினோரு ஏக்கரையும் கொடுத்திருந்தார். கூண்டிலிருந்து இறங்கத் தெரியாமல் நின்றார். யாரோ கையைப் பிடித்து இறக்கினார்கள். வாசல் பக்கம் போகும்போது மேரியைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் கண் அவள் காலுக்குப் போனது. அவள் காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்தாள்.

அன்று சாயங்காலம் சுப்பன் கடையில் நல்ல கூட்டம். வக்கீல் இனி தட்டமாட்டார் என்று சிலர், இன்றைக்குப் பத்துத் தட்டுத் தட்டுவார் என்று சிலர். இன்னாசி ஆறு பத்துக்கு வந்தார். வலது ஒன்று, இடது ஒன்று. போய்விட்டார்.

ஆளவந்தார் எண்பத்தைந்தில் செத்தார். பிணம் வாசலில் கிடக்கும்போதும் இன்னாசி ஊர் முனையில்தான் இறங்கினார். மேரி அன்று கிணற்றடியில் நிற்காமல், பாதித் தெருவுக்கே எதிரே வந்துவிட்டிருந்தாள்.

"சாவு வூட்டு முன்னாலயுமா அண்ணா?"

"நம்ம அப்பா செருப்ப கீழ எறக்க அவுரு சொல்லவேயில்லயே மேரி" என்றார் அவர்.

அவள் வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். அன்றைக்குத்தான் அண்ணன் தட்டும் சத்தத்தை முதன்முறையாகக் கிட்டே நின்று கேட்டாள். சின்னச் சத்தம்தான்.

இப்போது எண்பத்தெட்டு. ஆளவந்தார் வீடு பூட்டிக் கிடக்கிறது. கஜபதி பட்டணத்தில் இருக்கிறான். மற்ற ஆறு வழக்கில் நாலு தீர்ந்துவிட்டது, இரண்டு மேல்கோர்ட்டில் இருக்கிறது. மண்ணாங்கட்டி போன வருஷம் காலமானான். ஓடைக்கால் சின்னப்பொண்ணு பேரில் இருக்கிறது. ஒவ்வொரு தை மாதமும் அவள் ஒரு மரக்கால் புதுநெல் கொண்டுவந்து மேரி வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். மேரி அதை வேண்டாம் என்று சொல்வதில்லை, ஆக்கித் தின்பதும் இல்லை. கோழிக்குப் போடுகிறாள். இன்னாசி ஊர் முனையில்தான் இறங்குகிறார்.